கோபர்கைரனே முகவரி

தாராவியில் என் இஸ்திரி மேசைக்கு வருகிறவர்களில் அவர் ஒருவர். ஒல்லியான உடம்பு, முப்பது வயதிலேயே நரைத்த கிருதா. இன்டர்வியூ நாளில் வெள்ளைச் சட்டையைச் சூடாக வாங்கி அங்கேயே மாட்டுவார். கசங்காமலிருக்க, கைகளை உடம்பில் ஒட்டாமல் அகற்றி வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பார்.

முதலில் பயோடேட்டாவில் போட்டோவை மாற்றினார், கம்ப்யூட்டர் படிப்பைச் சேர்த்தார். யாரும் கூப்பிடவில்லை. பிறகு தாராவியை எடுத்துவிட்டு, நவி மும்பை கோபர்கைரனேயில் இருக்கும் சித்தி வீட்டு முகவரியைப் போட்டார். அதன்பின் சட்டை அடிக்கடி வந்தது. ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது.

வேலையில் சேரவேண்டிய வாரம் மறுபடி அந்தச் சட்டையோடு வந்து நின்றார்.

"என்ன தம்பி, இன்னும் சேரலியா?"

"வீட்டை விசாரிக்க கம்பெனி ஆளு போயிருக்கான் அண்ணாச்சி. லெட்டர் வந்தா வாங்கி வைங்கன்னு மட்டும்தான் சித்திகிட்ட சொல்லியிருந்தேன். என்னைப் பத்திக் கேட்டதும் அவுகளுக்குப் பெருமை தாங்கல. 'தங்கமான புள்ள, அம்மாவ விட்டுப் பிரியாம இன்னமும் தாராவியிலதான் இருக்கான்'னு சொல்லிட்டாவ. பொய் அட்ரஸ் குடுத்தவன் வேண்டாம்னுட்டான்."

"சித்திய ஏசுனியா?"

"எப்படி ஏச? நல்லதுதானே சொல்லிருக்காவ." சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். "இனி எந்த அட்ரஸ் போட, அண்ணாச்சி?"

"பொத்தான் சூடா இருக்கும், பாத்துப் போடு" என்று மட்டும் சொன்னேன்.

கைகளை அகற்றி வைத்துக்கொண்டு நடக்க எங்கள் சந்தில் இடம் கிடையாது. சுவரில் உரசாமல் அவர் எப்படிப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.