காலை வணக்கம் சொன்ன கொயின்

தவத்தின் வீட்டுக் கனவைக் கெடுத்தவன் நான்தான்.

மோர்னிங்சைட்டில் வருமானவரி நிரப்பிக் கொடுக்கும் அலுவலகம் வைத்திருந்தேன். அந்தக் கதிரையில் இருப்பவன் தெரியாது என்று சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். தவம் ட்ரக் ஓடுபவர். நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்க டவுன் பேமன்ட் சேர்த்துக்கொண்டிருந்தார். வரி நிரப்ப வந்தவர் கேட்டார்:

"அண்ணை, பிட்கொயினோ, உந்தப் புதுக் கொயினோ? எதில போடலாம்?"

"பாத்துச் சொல்லுறன் தம்பி."

எனக்கு இரண்டிலும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஊர்ச் சங்கங்களை எடைபோட்டுப் பழக்கம். ஆகவே இரண்டு கொயின்களின் இணையக் குழுக்களிலும் சேர்ந்து சனத்தைக் கவனித்தேன். பிட்கொயின் குழுவில் ஓயாத சண்டை. ஒரு சந்தேகம் கேட்டதற்கு, முதலில் படித்துவிட்டு வா என்றார்கள். எங்கள் சங்கமென்றால் அடுத்த கூட்டத்திலேயே இரண்டாகியிருக்கும். புதுக் கொயின் குழுவிலோ தினமும் காலை வணக்கம். என் பிறந்தநாளுக்குக் கேக் படம் வேறு.

ஒருநாள் அங்கே யாரோ, "இதை எப்ப வித்துக் காசாக்கலாம்?" என்று கேட்டார். சற்று நேரத்தில் கேள்வியும் இல்லை, கேட்டவரும் குழுவில் இல்லை. உறுத்தியது. ஆனாலும் நல்ல கட்டுப்பாடு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தவத்திடம் மூச்சு விடவில்லை.

"நல்ல சனம். அதிலயே போடும்" என்றேன்.

பனிக்காலம் முடியுமுன் புதுக் கொயின் செத்தது; தவம் சேர்த்த காசும் அதோடு போனது. கடைசி நாளும் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் குழுவை மூடினார்கள்.

தவத்தின் வாடகை வீட்டுக்குப் போய், மறைத்ததைச் சொன்னேன். என்னால் முடிந்த தொகைக்கு ஒரு காசோலையையும் மேசையில் வைத்தேன்.

"ஆசைப்பட்டுப் போட்டது நான்தான், அண்ணை. ஆனா கேள்வி கேட்ட அந்தாளைக் கலைச்சதை ஏன் சொல்லேல்லை?"

"கேக் அனுப்பின சனத்தை விட்டுக்குடுக்க மனம் வரேல்லை."

அவர் சிரிக்கவில்லை. காசோலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அது ஒரு வீட்டுக்குக் காணாது என்பது இருவருக்கும் தெரியும். திட்டிய கூட்டம் என்னை உள்ளே வைத்திருந்தது. வாழ்த்திய கூட்டம் கேட்டவரை வெளியே போட்டது. இந்த வித்தியாசம் எனக்கு அந்த மேசையில்தான் விளங்கியது.

அடுத்த வரிக்காலத்தில் தவம் மறுபடி வந்தார். கதிரையில் இருக்குமுன்னமே கேட்டார்:

"அண்ணை, இன்னொரு கொயின் வந்திருக்காம். எப்பிடி?"

"எனக்குத் தெரியாது, தம்பி."

"உதை அப்பவே சொல்லியிருந்தா, நான் இப்ப ஸ்ரௌவ்வில்லில என்ர வீட்டு வாசல்ல ஸ்னோ அள்ளிக்கொண்டு, ஒண்டும் தெரியாத ஆளெண்டு உங்களைத் திட்டியிருப்பன்."