லத்தீன் பெட்டி காப்பாற்றிய மேசை

பழைய புத்தக வியாபாரத்தில் நட்டம் வருவது விற்காத புத்தகத்தால் அல்ல, விற்கிறவனுடைய வாயால். சந்தையில் மேசை போட்டு மாரடித்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எழுபதுகளில் மெல்பேர்ன் ஞாயிற்றுச் சந்தை ஒன்றில் எனக்கு ஒரு புத்தக மேசை இருந்தது. மற்ற ஆறு நாளும் தொழிற்சாலை. ஞாயிறு மட்டும் நான் முதலாளி. ஒருநாள் ஒருவர் உருளைக்கிழங்குச் சிப்ஸ் தின்ற எண்ணெய்க் கையோடு குதிரைப் படப்புத்தகம் ஒன்றைப் புரட்டினார். சிப்ஸைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவர் சந்தைக் கமிட்டித் தலைவரின் மச்சான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்று கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் என் இடம் செருப்பு, சப்பாத்து விற்கிறவருக்குப் போய்விடும் என்று கடிதம் வந்தது. மேசை போனால் ஏழு நாளும் கூலிதான்.

பேரத்தில் தோற்றது

அதே கிழமை மிஸ் போர்ட்டர் என்ற லத்தீன் ஆசிரியை இரண்டு பெட்டி புத்தகம் கொண்டுவந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய பள்ளிக்கூடத்தில் லத்தீனை நிறுத்திவிட்டார்களாம். பெட்டி நிறைய, முந்தின நூற்றாண்டுகளில் பிள்ளைகள் லத்தீனில் எழுதப் பழகிய புத்தகங்கள்.

"செத்த பாஷை. சும்மா தந்தாலும் தூக்க முதுகு நோகும்" என்றேன். அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவன் நான். அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார். திரும்பிப் பார்ப்பார் என்று பத்தடி பொறுத்தேன், இருபதடி பொறுத்தேன். கடைசியில் ஓடினது நான்தான். கேட்ட விலையைக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"பன்னிரண்டு வருஷம் பத்து வயதுப் பெடியன்களோடு வாதாடி வென்றவள் நான். நீங்கள் எனக்கு எம்மாத்திரம்?"

அர்த்தமில்லாத பாட்டு

பெட்டியில் ஆசிரியர்களுக்கான கைநூல் ஒன்று இங்கிலீசில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு முட்டி மோதி வாசித்தேன். அந்தக் காலத்தில் லத்தீன் பாட்டு எழுதப் பழகும் பிள்ளை முதலில் அர்த்தமே இல்லாமல் எழுதலாமாம். குறிலும் நெடிலும் உரிய இடத்தில் விழுந்தால் போதும். காது பழகினபிறகுதான் அர்த்தம் கேட்பார்கள். கதிரை செய்யப் பழகுகிறவனுக்கு முதலில் கழிவுப் பலகையை நேராக அறுக்கக் கொடுப்பதுபோல. என்ன புத்தி! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒவ்வொரு ஞாயிறும் ஓசியில் வாசிக்க வரும் ட்ராம் கொண்டக்டர் சிவலிங்கத்திடம் இதைச் சொன்னேன். ஊரில் தேமா, புளிமா என்று மனப்பாடம் செய்தவன். அவனுக்குச் சிலிர்க்கவில்லை.

"அண்ணை, அர்த்தமில்லாமல் எழுதிறதுக்கும் ஒரு பள்ளிக்கூடமோ? எங்கட யூனியன் செயலாளர் படிக்காமலே அதைச் செய்யிறார்."

புத்தகத்தை மூடு

கமிட்டிக்கு நான் எழுதிய முதல் விளக்கத்தில் 'பன்றி' என்ற சொல் மூன்று தரம் வந்தது. மேசையில் கிடந்த அதை, அடுத்த ஞாயிறு சந்தைக்கு வந்த மிஸ் போர்ட்டர் வாசித்துவிட்டார். திட்டவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு ஒரு புத்தகத்தை எடுத்தார்.

நானூறு வருஷத்துக்கு முந்தி ஒரு வழி இருந்ததாம். பிள்ளையிடம் பழைய ரோமர் ஒருவர் எழுதிய நல்ல லத்தீன் கடிதம் ஒன்றைக் கொடுப்பார்கள். பிள்ளை அதைத் தன் பாஷையில் எழுதும். பிறகு புத்தகத்தை மூடி, ஒரு மணித்தியாலமாவது பொறுக்கவேண்டும். அதன்பின் தன் எழுத்தை மட்டும் பார்த்து மறுபடி லத்தீனில் எழுதி, மூலத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். பிள்ளைகளை அடித்து நொறுக்கிய காலம் அது. ஆனால் இந்த வழியில் போன ஆசிரியர் பிரம்பைத் தொடமாட்டார். நன்றாக வந்த இடத்தை முதலில் பாராட்டுவார். பிறகுதான், "இங்கே ரோமர் எப்படிச் சொல்லியிருக்கிறார், பார்" என்பார்.

அந்தப் புத்தகத்தில் மனஸ்தாபப்பட்ட நண்பனுக்கு ரோமர் ஒருவர் எழுதிய கடிதம் இங்கிலீசில் இருந்தது. இரண்டு கிழமை நான் அதோடுதான் வாழ்ந்தேன். வேலைக்குப் போகுமுன் தமிழில் எழுதுவேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தமிழைப் பார்த்து இங்கிலீசில் எழுதுவேன். மூலத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து அடிவாங்கிய நாய் மாதிரி நின்றது. ஆனால் ஒன்று பிடிபட்டது. அந்த மனுஷன் சத்தமே போடவில்லை. எதிராளிக்குரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிட்டு, பிறகுதான் ஆணியை இறக்கினார்.

என் விளக்கத்தைப் புதிதாக எழுதி மிஸ் போர்ட்டரிடம் நீட்டினேன். நல்ல இடங்களுக்கு மட்டும் கோடு போட்டுக்கொண்டே போனார்.

"இது நன்று. இது மிக நன்று. இந்த இடத்தில் மட்டும், ரோமராக இருந்தால் பன்றியை வெளியே நிறுத்தியிருப்பார்."

கமிட்டி முன்னால்

தலைவர் என் கடிதத்தை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். நான் எழுதியது இவ்வளவுதான்: சிப்ஸை எறிந்தது என் பிழை. புதுப் பொட்டலம் வாங்கித் தருகிறேன். உங்கள் மச்சான் புத்தகங்களை நேசிக்கிறவர், இல்லாவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்திருக்கமாட்டார். கையைக் கழுவலாம், கடதாசியைக் கழுவமுடியாது. நான் கறிச்சோறு தின்ற கையோடு அவருடைய கல்யாணக் கோட்டைப் போட்டுப் பார்த்தால் அவர் என்ன செய்வாரோ, அதில் பாதியைத்தான் நான் செய்தேன்.

மச்சான் நிலத்தைப் பார்த்தார். தலைவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இந்தச் சந்தையில் என்னைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் வாசித்து முடித்தபிறகுதான் திட்டு என்று விளங்கியது இன்றைக்குத்தான். மேசையை நீயே வைத்துக்கொள்."

லத்தீனில் எனக்கு இன்றைக்கும் ஒரு சொல்லும் தெரியாது. அதைப் படித்த பிள்ளைகளின் புண்ணியத்தில் இங்கிலீசில் மரியாதையாகச் சண்டை பிடிக்கத் தெரியும்.