வேண்டாவின் பேசாத செல்போன்

சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பத்தில் 1961-இல் பிறந்தவர் வேண்டா. நான்காவது பெண். இதற்கு மேல் பெண் வேண்டாம் என்று வைத்த பெயர். 1993 மார்ச் முதல் புதுப்பட்டினத்தில் எங்கள் வீடு உட்பட இருபத்திரண்டு வீடுகளுக்குக் கூடையில் மீன் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களின் வீடுகள். எந்த வீட்டில் எந்தக் கிழமை மீன் வாங்கமாட்டார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும்.

சுனாமி வந்த காலையில் கணவர் அப்பாசாமி கடலில் இருந்தார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிய வேண்டாவுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அந்த ஐந்து மணி நேரம் மறுபடி வரக்கூடாது என்றுதான் 2005 பிப்ரவரியில் இரண்டு பழைய செல்போன்கள் வாங்கினார். ஒன்று அவருக்கு. இன்னொன்று அப்பாசாமியின் ஃபைபர் படகில், இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள்.

வாங்கினாரே தவிர, பேசுவதற்குச் செலவு செய்யமாட்டார். மீன் வேண்டுமென்றால் நாங்கள் காலை ஆறு மணிக்குள் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். வஞ்சிரம், வவ்வால் போன்ற நல்ல மீன் கிடைத்த நாளில் அவர் பதிலுக்கு ஒன்று கொடுப்பார். வீணாக நடப்பது குறைந்தது. மீன் மிஞ்சுவது நின்றது. ரீசார்ஜ் கெடு முடிந்தாலும் உடனே போடமாட்டார். சில நாட்களுக்கு வெளியே போகும் அழைப்புதான் நிற்கும். உள்ளே வருவது வரும். அந்தச் சலுகை நாட்களைக் கடைசி நாள் வரை பயன்படுத்துவார்.

"ஹலோன்னு ஒரு வார்த்த சொன்னா ஒரு ரூபா சாரு. அதுக்கு எங்க வூட்டுக்காரரு இன்னா சொல்லப் போறாரு? நல்லா கீறேன்றாரு. அத்த மணியே சொல்லிடுது" என்பார்.

அப்பாசாமியோடு வைத்திருந்த ஏற்பாடு இது. கரை திரும்பும்போது ஒருமுறை அடித்தால், வருகிறேன். இரண்டுமுறை அடித்தால், நல்ல பாடு, அதாவது வலை நிறைய மீன், கரைக்கு வா. வேண்டா எடுக்கமாட்டார், கட் பண்ணுவார். கட் பண்ணினால், தெரிந்துகொண்டேன் என்று அர்த்தம். அப்பாசாமி அந்தப் போனில் தொட வேண்டியது ஒரே பொத்தான், இரண்டாம் எண். அழுத்திப் பிடித்தால் வேண்டாவுக்குப் போகும். வேறு எண் எதையும் பதியவிடவில்லை. பதிந்தால் கூட வரும் ஆட்களெல்லாம் பேசித் தீர்த்துவிடுவார்கள் என்ற பயம்.

2006 ஜூலை 19, புதன்கிழமை. காலை 10.10-க்கு வேண்டா எங்கள் வீட்டுக்கு வந்து, பின்பக்கக் குழாயடியில் அருவாமணையோடு உட்கார்ந்து சங்கரா மீனின் செதிலை எடுத்துக்கொண்டிருந்தார். என் மனைவி சியாமளா பாத்திரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ரெண்டு தபா அட்ச்சாரும்மா. நல்ல பாடு. இத்த குடுத்துட்டு கரைக்கு போவணும். ரெண்டுக்கு அப்பால இன்னாடான்னா மூணாவது, நாலாவது. மனுசனுக்கு கள்ளு கிள்ளு ஏறிப்போச்சா தெரில."

10.20-க்குப் போன் மறுபடி அடித்தது. இடது கையால் மடியிலிருந்து எடுத்து, பார்க்காமலே கட் பண்ணினார்.

"இது அஞ்சாவது" என்றார்.

"ஐந்துக்கு என்ன அர்த்தம் வேண்டா?" என்று கேட்டேன்.

"அஞ்சுக்கு அர்த்தமே இல்ல சாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. கை மீனின் மேலேயே இருந்தது. "மூணுக்கே இல்ல."

வேண்டாவின் போனில் வெளியே அழைக்க முடியாது. கெடு முடிந்து மூன்றாம் நாள். என் வீட்டுத் தொலைபேசியிலிருந்து அப்பாசாமியின் எண்ணுக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது என்றது. இன்னும் இரண்டுமுறை அடித்தேன். அதே பதில்.

"முழுவிடுச்சா? சாரு, முழுவிடுச்சா?"

"முழுகியிருந்தால் ஐந்துமுறை அடிக்க முடியாதும்மா. போனைக் கொடு."

வந்த அழைப்புகளின் பட்டியலைப் பார்த்துக் காகிதத்தில் எழுதினேன். 9.12, 9.14, 9.20, 9.50, 10.20. கடைசி மூன்றுக்கும் இடையே சரியாக அரை மணி. பேட்டரியை மிச்சப்படுத்த அணைத்து வைத்து, அரை மணிக்கு ஒருமுறை திறந்து அழைக்கிறார். அடுத்தது 10.50-க்கு வரவேண்டும், பேட்டரி இருந்தால். இதைச் சொன்னேன். கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லியிருக்க வேண்டாம்.

குப்பத்து டீக்கடைக்குப் போன் செய்து முத்துசாமியை அழைக்கச் சொன்னேன். அப்பாசாமியின் பங்காளி; அவருக்கும் ஒரு ஃபைபர் படகு உண்டு. லைனில் வந்தார்.

"டீசலு ஊத்தி ரெடியா வெக்கிறேன் சார். ஆனா எங்கன்னு போயி தேடறது? கடலு இன்னா நம்ம வூட்டு வாசலா? காத்து வேற தூக்கினு கீது. தப்பான பக்கம் போனா எண்ணெயும் போச்சி, ஆளும் போச்சி. எடம் கேட்டு சொல்லு."

இடத்தைச் சொல்லக்கூடியவர் கடலில் இருந்தார். கேட்கக்கூடியது வேண்டாவின் கையிலிருந்த போன் ஒன்றுதான்.

வேண்டா அதை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கையில் ஒட்டியிருந்த செதில்கள் போனிலும் ஒட்டியிருந்தன. சியாமளா தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 10.50 ஆயிற்று. அடிக்கவில்லை. 10.51. அடிக்கவில்லை. வேண்டாவின் தொண்டையிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்துகொண்டே இருந்தது.

10.52-க்கு அடித்தது.

ஒன்றரை வருடப் பழக்கம். நாங்கள் இருவரும் வாயைத் திறப்பதற்குள் அவர் கட்டை விரல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது.

வேண்டா தன் விரலையே பார்த்தார். பிறகு அந்தக் கையைச் சுவரில் ஓங்கி அடித்தார், ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவதுமுறை சியாமளா குறுக்கே போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "நானே கொன்னுட்டேன்மா. ஒரு ரூபாய்க்கு நானே கொன்னுட்டேன்" என்று அவள் தோளில் கத்தினார். நான் உடனே திரும்ப அழைத்தேன். சுவிட்ச் ஆஃப்.

போனை வாங்கி மேசைமேல் வைத்தேன். அதன் பேட்டரியில் ஒரு கோடுதான் இருந்தது. என்னிடம் அதற்கேற்ற சார்ஜர் இல்லை. இன்னும் அரை மணி. 11.15-க்குப் பிறகு நான் போனின்மேல் குனிந்தே நின்றேன்.

11.23-க்கு அடித்தது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

முதலில் காற்றுச் சத்தம். பிறகு, "ஏய், எட்த்துட்டா! டேய், எட்த்துட்டாடா!"

"ஐயோ, உசுரோட கீறியா?" என்று வேண்டா அலறினார்.

"அப்பாசாமி, இடத்தைச் சொல்லுங்கள், முதலில் இடம்" என்றேன்.

"எஞ்சினு போச்சி சார். நங்கூரக் கவுறு அறுந்துச்சி. தண்ணி வடக்கால இழுக்குது. பிளாண்டு கூண்டு கழுக்குன்றம் மலைக்கு தெக்கால ரெண்டு வெரக்கட. கூண்டு பாதிக்கு மேலதான் தெரியுது. மூணு பேரும் நல்லா..."

அவ்வளவுதான். அவரிடம் ஒரு நிமிடத்துக்கான காசுதான் இருந்தது.

சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் டீக்கடைக்கு மறுபடி சொன்னேன். முத்துசாமிக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. வெரக்கட என்றால் நீட்டிய கையில் ஒரு விரல் அகலம். அணுமின் நிலையப் புகைக்கூண்டும் திருக்கழுக்குன்றம் மலையும் கடலிலிருந்து எந்த இடத்தில் எப்படித் தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி. "ஆங், தெரிஞ்சிது" என்று வைத்துவிட்டார். 11.40-க்கு இரண்டு படகுகள் கிளம்பின.

கூடையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வேண்டா ஆட்டோவில் கரைக்குப் போனார். நாங்களும் போனோம். அவர் அலை காலில் படும் இடத்தில் நின்றார். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. பிற்பகல் 3.25-க்கு முத்துசாமியின் படகு தெரிந்தது, பின்னால் கயிற்றில் அப்பாசாமியின் படகு. மூன்று தலைகளையும் எண்ணிய பிறகுதான் வேண்டா மணலில் உட்கார்ந்தார்.

அப்பாசாமியின் உதடு வெடித்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு முதலில் அவர்தான் பேசினார்.

"ஒம்போது மணிக்கு அட்ச்சேன். நீ கட் பண்ண. அட, தெரிஞ்சிக்கினா, ஆளு அனுப்புவான்னு நெனச்சிக்கினேன். அப்பால ரெண்டு தபா. அத்தயும் கட் பண்ண. சரின்னு மூணு பேரும் படுத்துக்கினோம். ஒம்பதரைக்கு கிட்டக்கவே ஒரு போட்டு போச்சி. சட்டைய தூக்கி ஆட்டினா வந்திருப்பான். நீ அனுப்பின ஆளு வந்துகினு இருப்பான், இவன ஏன் பேஜாரு பண்றதுன்னு வுட்டுட்டோம்."

வேண்டா கேட்டார்: "எத்தினியாவது தபா சந்தேகம் வந்துச்சி?"

"அஞ்சாவது" என்றார் அப்பாசாமி.

எங்கள் வீட்டுக் குழாயடியில் வேண்டாவின் சிரிப்பு நின்றதும் அதே ஐந்தாவது அழைப்பில்தான். அவர் அப்பாசாமியின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். மணலில் நின்றிருந்த மனிதர் எங்கேயும் போகப் போவதில்லை, ஆனாலும் விடவில்லை. படகை மேலே இழுக்க ஆட்கள் வந்தபோது, "கையெடும்மே, போட்ட ஏத்தணும்" என்று இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் மீன் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை வேண்டா வெறுங்கையோடு வந்து, கூடையை எடுத்துக்கொண்டார். அன்றே இருபத்திரண்டு வீடுகளுக்கும் போய் ஒரே செய்தியைச் சொல்லியிருக்கிறார்.

"இனிமே மிஸ்டு கால் குடுக்காதீங்க. எது அட்ச்சாலும் எட்த்துடுவேன். உங்க காசு போவும்."

சொன்னபடியே எடுத்தார். 2009-இல் அவர் கூடை தூக்குவதை நிறுத்தும் வரை, நான் அழைத்த ஒவ்வொரு முறையும் முதல் மணியிலேயே எடுத்தார். எடுத்ததும் ஹலோ சொல்லமாட்டார், "இன்னா ஆச்சி?" என்றுதான் கேட்பார்.