திரையில் காணாமல் போன பதினோராம் எண்

1999ஆம் ஆண்டின் மழைக்காலம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, கோவையில் நான் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். உறுப்பினர் பட்டியலை இணையத்தில் ஏற்றுவதென்று செயற்குழு தீர்மானித்தது. உறுப்பினர் எண்ணை அடித்தால் அவருடைய பெயரும் முகவரியும் திரையில் வர வேண்டும். ராம்நகரில் கணினி மையம் நடத்திவந்த ஒரு பெண்மணி, அதை ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியில் எழுதித்தர ஒப்புக்கொண்டார்.

அவர் எங்கள் பொருளாளரின் அண்ணன் மகள். வரும் தேர்தலில் என்னை எதிர்த்து நிற்கவிருந்தவர் அந்தப் பொருளாளர்தான். ஆகவே தொடக்கத்திலிருந்தே எனக்குச் சந்தேகம். "லிஸ்ட்டைக் குடுத்துட்டுப் போங்க சார், நானே அடிச்சுக்கறேன்" என்று அவர் சொன்னபோது மறுத்துவிட்டேன். பெயர்கள் விடுபட்டுப்போக நானே வழிசெய்து கொடுப்பானேன்? பொள்ளாச்சியில் தட்டச்சு ஹையர் தேர்வை முதல் வகுப்பில் தேறியவன் நான். மூன்று வாரம் அந்த மையத்துக்கே சென்று முழுப் பட்டியலையும் என் கையால் அடித்தேன். கடைசி நாளன்று என் எண்ணான 11ஐ அடித்துப் பார்த்தேன். என் பெயர் வந்தது. வேறு சில எண்களையும் அடித்தேன், எல்லாம் வந்தன.

மறுநாள் செயற்குழு அங்கேயே கூடியது. என்னைத் தவிர ஒன்பது பேர். அந்தப் பெண்மணி விசைப்பலகையின் முன் அமர, நாங்கள் எண்களைச் சொன்னோம். பொருளாளரின் எண் 45, உடனே வந்தது. என் எண்ணைச் சொன்னேன். அப்படி ஓர் உறுப்பினர் இல்லை என்றது திரை.

"ஏனுங்க செயலாளரே, சங்கத்துல உங்களையே காணமுங்களே?" என்றார் பொருளாளர். அனைவரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. 104, 127, 163 என்று அடுக்கினேன். ஒன்றும் வரவில்லை. நூறு வரிசையில் இருந்தவர்கள் அனைவரும் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் நான் அலைந்து சேர்த்தவர்கள், எனக்கே வாக்களிப்பவர்கள். பொருளாளர் ஈரோட்டில் சேர்த்த 203, 246, 258 மட்டும் தடையின்றி வந்தன. முந்தின நாள் எனக்குக் காட்டியதை இன்று குழுவின் முன் மறைக்கிறார்கள் என்றால் இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

எழுந்து நின்றேன். "இது பிழையன்று, வேண்டியவர்களுக்காகத் திட்டமிட்டுச் செய்தது" என்றேன். அந்த ஒன்பது பேரில் மூவர் கல்வி நிறுவனங்கள் நடத்துபவர்கள். தங்கள் மாணவர்களை அந்த மையத்துக்கு அனுப்புபவர்கள். என் சொல் அவருடைய பிழைப்பையே கெடுக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலையை வேறொருவரிடம் கொடுப்பதென்று தலைவர் அறிவித்தார். அந்தப் பெண்மணியின் முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்குக் காலையில ஒருக்கா நீங்க மட்டும் வாங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

சென்றேன். பயிற்சிக்கு வந்திருந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். சமரசம் பேசப்போகிறார் என்று எண்ணி எச்சரிக்கையோடு அமர்ந்தேன்.

"உங்க நம்பரை நீங்களே அடிங்க சார்."

அடித்தேன். என் பெயர் வந்தது.

"இப்ப நான் அடிக்கறேன்." இல்லை என்றது திரை.

"பார்த்தீர்களா, நீங்கள் அடித்தால் மட்டும்..." என்று தொடங்கினேன்.

"கோவிச்சுக்காதீங்க. இன்னொருக்கா அடிங்க. இந்தவாட்டி திரையைப் பாக்காம உங்க விரலைப் பாருங்க."

பார்த்தேன். என் வலக்கை மோதிர விரல், ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்தை இரண்டு முறை தட்டியது.

பொள்ளாச்சியில் நான் பழகிய தட்டச்சுப் பொறியில் ஒன்று என்ற எண்ணுக்கு விசையே கிடையாது. சிறிய 'எல்'லைத்தான் ஒன்றாக அடிப்போம். நாற்பது ஆண்டுப் பழக்கம். கணினியில் ஒன்றுக்குத் தனி விசை இருந்ததை என் விரல் பொருட்படுத்தவே இல்லை. அந்தத் திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே கோடாகத் தெரிந்ததால் என் கண்ணும் பிடிக்கவில்லை. மூன்று வாரம் நான் அடித்த பட்டியல் முழுவதிலும் ஒன்று வரவேண்டிய இடத்திலெல்லாம் 'எல்'தான் இருந்தது.

கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணை அவர் திரையில் வரவழைத்தார். நான் அடித்ததற்கு 108. அவர் அடித்ததற்கு 49.

"ஸ்கிரிப்ட்டுக்கு இது நம்பரில்லீங்க சார், வெறும் எழுத்துக் கோவை. ஸ்ட்ரிங்னு சொல்லுவோம். எழுத்து எழுத்தாத்தான் ஒத்துப் பாக்கும். நமக்கு ஒண்ணாத் தெரியறது அதுக்கு வேற வேறைங்க."

பிறகு 210 முதல் 219 வரை அடித்துக் காட்டினார். பொருளாளர் சேர்த்தவர்கள், அவர்களும் வரவில்லை. முந்தின நாள் அந்த எண்களை நான் கேட்கவே இல்லை.

"ஒரே வரிங்க. எண்ணுல 'எல்' வந்தா ஒண்ணுன்னு மாத்திப்போட்டா எல்லாஞ் சரியாப் போயிரும். சரி பண்ணியாச்சுன்னு நானே சொல்லிக்கறேன். உங்க பேரு வெளிய வர வேண்டாம்."

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. தலையை அசைத்துவிட்டு வெளியேறினேன். அடுத்த இரண்டு நாட்களும் அந்த ஏற்பாடே போதும் என்றிருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குழு மறுபடி அங்கே கூடியபோது எல்லா எண்களும் வந்தன. அவர் சொன்னபடியே, "சரி பண்ணிட்டேனுங்க" என்று மட்டும் சொன்னார். தலைவர் தலையாட்டியபடி, "புடிபட்டதும் திருத்திப் போட்டாங்களாட்ட இருக்குது. போகட்டும் உடுங்க" என்றார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்மணி விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து நடந்ததைச் சொன்னேன். 'எல்' விசையைத் தொட்டுக் காட்டியும் சொன்னேன். "திட்டமிட்டுச் செய்தது என்று நான் சொன்னது பொய். இவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று முடித்தபோது என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

"ஃபர்ஸ்ட் கிளாஸுன்னா சும்மாவுங்களா!" என்றார் பொருளாளர். அறை முழுவதும் சிரித்தது. சிரிக்காதவர் அந்தப் பெண்மணி ஒருவரே.

அவரிடம் இல்லாத குற்றத்தை நான் ஒன்பது பேர் முன்னிலையில் சொன்னேன். என்னிடம் இருந்த குற்றத்தை அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். மானம் என்பதை நான் அவ்வளவு காலமும் எனக்கு மட்டுமே உரிய சொத்தாகக் கருதியிருந்தேன் என்பது, அந்தச் சாத்திய கதவை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என்னைக் கூசச் செய்கிறது.