இரண்டு கரையும் அவர்களுடையது

எங்கள் ஊர்க்காரர்களிடம் மாநில எல்லை எங்கே என்று கேட்டால் பெட்ரோல் பங்கைக் காட்டுவார்கள். இந்தப் பக்கம் விலை குறைவு என்பதால் எல்லையை ஒட்டியே பங்குகள் நிற்கும். பக்கத்திலேயே சாராயக் கடையும் இருக்கும். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை. விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போகிறவன் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வெளியே வந்து, மறுபடியும் நுழைவான். பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பிரித்துக்கொண்டதை நாம் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறோம். ஆறு ஓடும் இடத்திலாவது குழப்பம் இல்லை, அந்தக் கரை அவர்களுடையது, இந்தக் கரை நம்முடையது என்று நம்பியிருந்தேன். என் தம்பி செத்த நாள் வரைக்கும்.

மழை விட்டு ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. காலையிலேயே சிநேகிதர்களோடு பாகூர்ப் பக்கம் குளிக்கப் போனவன், மணல் அள்ளிய பள்ளத்தில் காலை வைத்துவிட்டான். பெரிய மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்கள் செருப்புக் கடையைப் பூட்டிவிட்டு நானும் அத்தாவும் போய்ச் சேர்ந்தபோது, அந்த ஊர்க்காரர்கள் அவனைத் தேடி எடுத்திருந்தார்கள். எதிர்க்கரையை ஒட்டிய மணல்திட்டில் கிடத்தியிருந்தார்கள்.

"அந்தாண்ட ஏத்தினா அவங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, பாய். நம்ம பக்கம் கொண்டாந்துடலாம்" என்றார் ஒரு விவசாயி. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நம்ம பக்கம் என்றால் நம்ம போலீஸ், நம்ம ஆஸ்பத்திரி. தெரிந்தவர்களை வைத்துப் பிரேதப் பரிசோதனையைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம். எங்களில் மய்யித்தைக் காக்க வைக்கமாட்டார்கள், அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். அத்தா தலையாட்டினார். இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் நாலைந்து பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ஒட்டடைக்குச்சி என்று நான் கேலி செய்துகொண்டிருந்த பையன், அவ்வளவு கனமாக இருந்தான்.

அம்மா போனில் அழவில்லை. "முகத்தப் பாக்கணும்டா. சீக்கிரம் கொண்டாங்க" என்று மட்டும் சொன்னாள். சாயங்கால அஸர் தொழுகைக்குள் வந்துவிடுவோம் என்றேன்.

நம்ம போலீஸ் வந்தது. உடல் எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள், எதிர்ப்பக்கம் கை காட்டினோம். பெரியவர் போல இருந்த ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அந்தப் பக்கத்துப் போலீஸுக்குப் போன் போனது. அவர்கள் வந்து, "பாடிய ஏன் நகத்துனீங்க?" என்றார்கள். உங்க கரையில்தானே இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்றார்கள். உங்க பக்கம்தானே கிடைத்தது என்றார்கள் இவர்கள். சண்டை எதுவும் இல்லை. கல்யாணப் பந்தியில் "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்று உபசரிப்பது போல என் தம்பியை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அத்தா துண்டால் ஈ விரட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் சர்வேயரை வரவழைத்தார்கள். அவர் வரைபடத்தை விரித்து, எங்களுக்குப் பின்னால் இருந்த கரும்புக் கொல்லைக்குள் போனார். ஆற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, வரப்போரத்தில் புதைந்திருந்த ஒரு கல்லைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எல்லை போட்டப்ப ஆறு அங்கதான் சார் ஓடிச்சு. அப்புறம் வெள்ளத்துல தெக்க ஒதுங்கிடுச்சு. ஆறு நகந்தா கோடு நகராது. இந்த எடத்துல ரெண்டு கரையும் தமிழ்நாடுதான்" என்றார். அவரும் சங்கடப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.

அதாவது, அவனைக் கிடந்த இடத்திலேயே விட்டிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அந்தப் பக்கத்துப் போலீஸ் காலையிலேயே எடுத்துக்கொண்டு போயிருக்கும், மாலைக்குள் கொடுத்தும் இருப்பார்கள். நாங்கள் இந்தக் கரை நம்முடையது என்று நினைத்துத் தூக்கிவந்ததில் அந்தப் பகல் போயிற்று. அவர்களுடைய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, இனி நாளைக்குத்தான் பரிசோதனை என்று சொல்லிவிட்டார்கள். அஸர் தாண்டிவிட்டிருந்தது. அம்மாவுக்கு நான் போன் செய்யவில்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தண்ணீர், வெயில், அதற்கு மேல் ஒரு ராத்திரி. குளிப்பாட்ட வந்தவர் அத்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, "முகத்தத் தொறக்க வேணாம், பாய். தாய் மனசு தாங்காது" என்றார். கபன் துணியைத் தலைப்பக்கம் இறுக்கிக் கட்டிவிட்டார்கள்.

அம்மாவைக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தோம். அவள் தலைப்பக்கத்து முடிச்சைப் பார்த்தாள்.

"தூங்குற மாதிரிதான் இருக்கான்" என்றார் அத்தா.

"அப்ப ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

அம்மா துணிக்கு மேலேயே கையை வைத்து நெற்றி எது, மூக்கு எது என்று விரலால் தேட ஆரம்பித்தாள். தூக்க வந்தவர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கையை நான்தான் பிடித்து விலக்கினேன்.