கண்ணாடியில் காய்ந்த கஞ்சி

மரவள்ளி மாவு கொதிக்கும் வாசனை... லேசாகப் புளித்த வாசனை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் பகல்கள் எல்லாம் அந்த வாசனைதான்.

இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. கெமிஸ்ட்ரி படித்த என்னை, தறிகளைத் தாண்டி ஒரு ஓரத்து ரூமில் உட்கார வைத்து "லேப்" என்று போர்டு மாட்டினார்கள். லேபுக்கு ஆள் நான் ஒருத்தன்தான். தறிச் சத்தம் கேட்கும், மனுசக் குரல் கேட்காது. நான் வெளியூர்க்காரன், சாயங்காலம் வாடகை ரூமுக்குப் போனாலும் அதே கதைதான்.

முதலாளி ஏதோ எக்ஸிபிஷனுக்குப் போய்விட்டு வந்து கேட்டார்.

"தம்பி, மண்ணுல மக்கிப்போற பையாம்லா. மாவுலயே செய்றானாம். நம்மகிட்ட இல்லாத கஞ்சியா?"

இருந்தது. தறியில் ஏறும் நூல் அறாமல் இருக்க, ஸ்டார்ச்சோடு பி.வி.ஏ. என்ற பாலிமரைக் கலந்துதான் கஞ்சி போடுவோம். ஸ்டார்ச் மட்டும் என்றால் காய்ந்ததும் நொறுங்கும். பி.வி.ஏ. சேர்ந்தால் இழுவை வரும், அதுவும் மக்கும். இரண்டையும் காய்ச்சி, கிளிசரின் விட்டு, கண்ணாடியில் ஊற்றி, காய்ந்ததும் உரித்தால்... பை செய்யும் தாள்.

அதை டெஸ்ட் செய்ய பேக்கிங் செக்‌ஷனிலிருந்து தினமும் மத்தியானம் ஜெயா வருவாள். பக்கத்துச் சோழபுரத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். தாளை ஒட்டிப் பையாக்கி, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை அடைத்து மடித்துப் பார்ப்பாள்.

"சார், இன்னைக்கும் போச்சு. அப்பளம் கணக்கா நொறுங்குது."

"எங்ஙன?"

"மடிக்கிற இடத்துலதான். செத்த நேரம் இருங்க, இன்னொண்ணு பாப்போம்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த ஊரில் என்னிடம் யாராவது பேசினார்கள் என்றால் அந்தச் செத்த நேரம்தான். பை தேறினால் தனி செக்‌ஷன் போட்டு, ஜெயாவையும் அதிலேயே வைப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். தேறாவிட்டால் அவள் வரவே வேண்டியதில்லை.

ஒருநாள் தேறிவிட்டது! மடித்தாலும் கசக்கினாலும் பைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜெயா சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஆண்டாள் மாலைய இதுலதான் வாங்கிட்டு வாரேன்" என்று முதலாளி பையை மடித்து எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினார்.

காஸ் துணி ஈரமே படக்கூடாத சரக்கு. அதனால் பையில் ஈரத்தை வைத்துப் பார்க்கணும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாலையோ தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்திருக்கிறது.

திரும்பி வந்தவர் மாலையைத் துண்டில் ஏந்தியிருந்தார்.

"பை மறுபடியும் கஞ்சியாயிருச்சு தம்பி. காரு சீட்டெல்லாம் பிசுபிசுங்குது. நமக்குப் பாலித்தீனே போதும்ப்பா."

திட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் ஜெயா வரவில்லை. வர வேண்டிய வேலை இல்லையே. ஆனாலும் கண்ணாடியைக் கழுவித் துடைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்பக் கஷ்டமாக இருந்தது...

போன வாரம் இங்கே சென்னை ஃபிளாட்டுக்கு, ஆன்லைனில் வாங்கிய கீரை ஈரத்தோடு வந்தது. ஸ்டார்ச் கலந்து செய்தது, மக்கும் என்று பையில் போட்டிருந்தது. கீரையை எடுத்துவிட்டு, குழாயைத் திறந்து பை நிறையத் தண்ணீர் பிடித்தேன். சொட்டுக்கூட ஒழுகவில்லை. யாரோ எங்கேயோ சரியான கலவையைப் பிடித்துவிட்டார்கள்.

"ஜெயா, பாத்தியா... கிழியல!"

வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் நான் ஒருத்தன்தான். கை வலிக்கும்வரை அந்தப் பையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.