பாத்ரூமை ஒட்டிய சுவர்

சுவரை நம்பாமல் தட்டிப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். சொந்த வீட்டில் ஓதம் ஏறி நொந்துபோன அன்பர்களே, சிரிப்பு ஒன்று கைவசம் இருக்கிறது, கடைசியில்தான் தருவேன். அதுவரை கொஞ்சம் பயப்படுங்கள்.

ப்ளஸ் டூ லீவில் காண்ட்ராக்டர் பாஸ்கர் அண்ணாவிடம் சேர்ந்தேன். ஏ.சி. ரூம் சுவர்களில் தெர்மோகோல் வைத்து, மேலே ப்ளைவுட் அடிப்போம். சூடு உள்ளே வராது, கரண்ட் பில் குறையும். ஈரச் சுவரை மட்டும் மூடக் கூடாது. உள்ளேயே அழுகும்.

'பொத்' என்ற சுவர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பேங்க் ஆபீசர் வீடு. மூன்று சுவர்கள் தட்டினால் காய்ந்த சுவராக 'டங்' என்றன. பாத்ரூமை ஒட்டிய சுவர் ஈரம் குடித்ததுபோல 'பொத்' என்றது. அதிலிருந்த சுவிட்சைத் தொட்டேன். கை சுர்ரென்று இழுத்தது. பாஸ்கர் அண்ணா உடனே அந்த ரூம் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்தார். ஆபீசர் பொறுமை இழந்தார்: "பொண்ணு கைக்குழந்தையோட நாளன்னிக்கு வர்றா. நீங்க சுவருக்கு நாடி பிடிச்சிண்டிருக்கேளே!"

பாலிதீன் பரீட்சை

சுவரில் பாலிதீன் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினோம். வெளிப்பக்கம் வியர்த்தால் ரூம் காற்றின் ஈரம். உட்பக்கம் வியர்த்தால் சுவரின் ஈரம். மறுநாள் காலை உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். "சுவத்துக்குள்ள பைப் ஒழுகுது. யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பாஸ்கர் அண்ணா பிளம்பரைக் கூட்டிவர ஸ்கூட்டரில் கிளம்பினார். ஆபீசர் எங்கள் தச்சர் ஏழுமலை அண்ணனிடம் திரும்பினார்: "அவர் வர்றதுக்குள்ள நீ அடிச்சு மூடிடுப்பா!"

ஆணி

நான் பாத்ரூமில் பைப்பைத் தேடிச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் ஃபேன் சுற்றும் சத்தம். புழுக்கம் தாங்காமல் ஆபீசர் ஃப்யூஸை மாட்டிவிட்டார்! வென்டிலேட்டர் வழியே எட்டிப் பார்த்தேன். ஏழுமலை அண்ணன் ப்ளைவுட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையைச் சுவரில் வைத்து, நீள ஆணியைப் பிடித்திருந்தார். சுவிட்சுக்கு நேர் மேலே, சரியாக ஒயர் ஓடும் இடம்.

"அண்ணே, கரண்ட் வருது, அடிக்காதீங்க!"

காலையில்தான் 'தெர்மோகோலில் பாம்பு' என்று விளையாட்டுக்குப் பொய் சொல்லி அவரை ஏணியிலிருந்து குதிக்க வைத்திருந்தேன். "போ தம்பி, உனக்கு வேற வேல இல்ல" என்று சுத்தியலை ஓங்கினார்.

எந்தக் குரலும் என் தொண்டைக்கு வரும் என்பது அவருக்குத் தெரியாது. அடிவயிற்றிலிருந்து பாஸ்கர் அண்ணாவை எடுத்தேன். "யோவ் ஏழுமலை! ஆணியக் கீழ போடுய்யா!"

சுத்தியல் தரையில் விழுந்தது. "போட்டுட்டேண்ணா!"

ஓடிப்போய் ஃப்யூஸைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. பிளம்பரோடு வந்த பாஸ்கர் அண்ணா பூச்சைப் பெயர்த்தார். தோல் உரிந்த ஒயர், பச்சை பூத்து, ஈரத்தில் கிடந்தது.

ஏழுமலை அண்ணன் ஒயரைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றாத பாஸ்கர் அண்ணாவைப் பார்த்தார். பாத்ரூம் கதவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இவுரு இப்பத்தான வந்துகினு கீறாரு... அப்ப உள்ள கூவுனது... டேய், நீயா?"

என் குரலைத் தவிர மற்ற எல்லாக் குரலுக்கும் மரியாதை உள்ள தொழில் இது.